அக்காவின் அடுப்புக்கு நான் எழுதிய முடிவு

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல, கேட்டு வாங்கியது. பள்ளி மாணவர்களின் பொருளியல் நூலுக்கு 'வாய்ப்புச் செலவு' பற்றி ஒரு குட்டிக் கதை வேண்டுமென்றார் பதிப்பாசிரியர். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைநழுவிப் போகும் அடுத்த நல்ல வழி எதுவோ, அதுதான் அந்தத் தேர்வின் உண்மையான விலை. சொல்வது எளிது. கதையாக்க உட்கார்ந்தால் நாக்குத் தள்ளுகிறது.

முதல் தொடக்கம்: 'ஒரு தீவில் இரண்டு மனிதர்கள், ஒரே ஒரு மீன்வலை…'

(அடித்துவிட்டேன். பொருளியல்காரர்களுக்குத் தீவை விட்டால் வேறு போக்கிடமே இல்லை.)

2

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அக்கா பேக்கரி நடத்துகிறாள். ஒரே அடுப்பு. தினமும் காலையில் அந்த அடுப்பு முழுவதும் தங்களுக்கே வேண்டுமென்று ஒரு பெரிய ஓட்டல் கேட்டிருந்தது. நிலையான வருமானம். ஆனால் காலை வியாபாரம் நின்றுவிடும்; வாசலில் நின்று சூடான ரொட்டி வாங்கியபடி ஊர்க்கதை பேசுகிறவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் கடையே நடத்துகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஓட்டலுக்கு அவள் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

கதையில் அவளைச் சம்மதிக்க வைத்தேன். பாடத்துக்கு அதுதான் வசதி: வருமானம் வந்தது, வாசல் போனது, வாசல்தான் விலை. 'அக்கா கதவைச் சாத்தினாள். அவள் கண்களில்…'

(கண்களில் என்ன? தெரியவில்லை. கிடக்கட்டும்.)

3

வரைவைக் கல்லா மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அத்தான் எடுத்துப் படித்தார். படித்த கையோடு ஓட்டல்காரருக்கு போன் போட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்.

"என்ன அத்தான், அது வெறும் கதை!"

"அவ மனசுல இருக்கறத என்னைக்கு எங்கிட்ட நேரா சொல்லியிருக்கா? உங்கிட்டதானே கொட்டுவா. நீ எழுதினா அவ சொன்ன மாதிரிதான்னு நெனச்சேன்."

அவரையும் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. கோபம், ஆசை, எந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்பது வரை என் வழியாகத்தான் போகும்.

அக்கா மாவுக் கையோடு வந்து நின்றாள். "நீ எழுதற முடிவையெல்லாம் நான் வாழணுமாடி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

4

நாளை ஓட்டல்காரர் ஒப்பந்தத்தோடு வருகிறார். கையெழுத்துப் போடும்வரை எதுவும் முடிவில்லை.

முடிவு ஒன்று: அக்கா கையெழுத்துப் போடுகிறாள், ஓர் உதவியாளரை வைத்து…

முடிவு இரண்டு: அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்து…

"எழுதாதே, அவர் படிச்சிடுவார்" என்று அக்கா தாளை மூடினாள்.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லு, நான் அத்தான்கிட்ட சொல்லிடறேன்."

"அவரே கேக்கட்டும்."

ஆகவே மாணவர்களே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதைக் கைவிட்டாள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் முழு மதிப்பெண். பதிப்பாசிரியர் திட்டுவார், திட்டட்டும். தபால் வேலையை விட்டதில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

அத்தான், இதையும் நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர்கள், அதில் ஒன்றுமில்லை. அக்கா உள்ளேதான் இருக்கிறாள். போய்க் கேளுங்கள்.