சரணடைந்தவருக்குக் கோட்டு

விஜயனுக்கு எண்பத்து மூன்று வயது. அப்பாவை அவர் பார்த்தது ஒரே ஒரு படத்தில்தான். போர்க்காலத்தில் ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த ஓவியத்தின் அச்சு அது. நடுக்கடலில் வெள்ளைக்காரர்களின் போர்க்கப்பல் ஒன்று சரணடைகிறது. மேல்தட்டில் மாலுமிகள் கைகளைத் தூக்கியபடி வரிசையாக நிற்கிறார்கள். வரிசையின் கடைசியில் ஒரு தமிழர், கப்பலுக்குக் கரி அள்ளிப் போட்டவர். தூக்கிய இடது கையில் சுண்டுவிரல் இல்லை. ரெங்கம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் தொங்கிய அந்தப் படத்தை, அந்தக் கையை அடையாளம் கண்டுதான் அம்மா கழற்றி வந்தாளாம். அப்பா கப்பலேறியபோது விஜயன் அவள் வயிற்றில் இருந்தார்.

இந்த ஆடி அமாவாசைக்கு, தம்போயில் மகன் செல்வாவின் வீட்டில், அப்பாவுக்கு முதல்முறையாகப் படையல். "படத்த அப்படியே கண்ணாடி போட்டுக் குடும்மா" என்று மருமகள் கஸ்தூரியிடம் கொடுத்திருந்தார்.

காலையில் குளித்துவிட்டு வந்தார். இலைக்குப் பின்னால், மல்லிகை மாலைக்குள், கோட்டும் நீல டையும் போட்ட ஒரு சிவந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கப்பல் இல்லை, கடல் இல்லை, கையும் இல்லை.

"யாரும்மா இது?"

"உங்க அப்பாதான் மாமா. கையத் தூக்கிட்டு நிக்கிற ஆளுக்கு எப்படி மாலை போடறது? போலீஸ்ல பிடிபட்ட மாதிரி இருக்குலா. ஸ்டூடியோவுல தலைய மட்டும் எடுத்து கோட்டு போட்டாங்க. நெறமும் கொஞ்சம் ஏத்திட்டாங்க."

"சுல்தான் பட்டம் குடுத்த டத்தோ மாதிரில்ல இருக்காரு!" என்றாள் பக்கத்து வீட்டு ரூபினி. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என் படம் எங்க?"

"செல்லரிச்ச காகிதம் மாமா. நேத்தே குப்பை லாரில போயிருச்சு."

விஜயன் வாசலுக்கு ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈரம் மட்டும் இருந்தது.

"அப்பா, சோறு ஆறுது" என்று செல்வா வந்து முழங்கையைப் பிடித்தான். "எல்லாரும் பசியோட நிக்கிறாங்க."

"அது எங்கப்பா இல்லடா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு போனப்ப நீங்க பொறக்கவே இல்லையே!"

மறுபடியும் சிரிப்பு. செல்வா அவர் விரலைப் பிடித்துச் சந்தனத்தில் தோய்த்து, கண்ணாடியில், அந்த மனிதரின் நெற்றியில் வைத்து அழுத்தினான். கஸ்தூரி சூடம் கொளுத்தினாள்.

"கண்ண மூடாதீங்க மாமா, போட்டோ எடுக்கறேன். அவரப் பாருங்க."

பார்த்தார். அவள் எடுத்து முடித்த பிறகு கண்ணை மூடி, அந்தக் கையைத் தேடினார். நீல டைதான் வந்து நின்றது.