பத்துக் குதிரை போதும்

அமிர்தவல்லிக்கு எதுவும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஆலங்குடியில் அவர் கட்டிய சினிமாக் கொட்டகையின் முகப்புக்கு மட்டுமே நூறு பல்பு. கரண்ட் போனால் படம் ஓட்டுவதற்கு வாங்கும் டீசல் எஞ்சினும் இருபது குதிரை சக்தியாக இருக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பத்தே போதும்மா," என்றான் ஆபரேட்டர் அழகுமலை.

சும்மா சொல்லவில்லை. புரொஜக்டர், ஒலிபெருக்கி, எட்டு விசிறி, வாசல் விளக்குகள் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு நாள் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்து போட்ட கணக்கு. முகப்புப் பல்புகளை மட்டும் சேர்க்கவில்லை. ஊரே இருட்டில் கிடக்கும்போது அலங்காரம் யாருக்கு?

"நடுவுல படம் படுத்துச்சுன்னா?"

"நான் வேலைய விட்டுட்டுப் போறேன்."

வாய் முந்திக்கொண்டது. ஊர் ஊராக டூரிங் கொட்டகையோடு அலைந்தவனுக்கு இதுதான் முதல் நிலையான வேலை. கொடும்பாளூரிலிருந்து மனைவி செவந்தியை அழைத்து வந்து குடிவைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விஷயம் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒங்க வாய்க்கு ஒரு சுவிட்சு வைக்கப்படாதா?"

பத்துக் குதிரை எஞ்சின் வந்து இறங்கியது. மூன்றாம் வாரம், முதல் ஆட்டத்தில் கரண்ட் போனது. எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்க, படம் மறுபடி வந்தது. ஒரே விசில். அழகுமலைக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து நிமிடம்தான். திரை மஞ்சளடித்தது. கதாநாயகியின் பாட்டு காய்ச்சல்காரன் முனகலாக இழுத்தது. கொட்டகையில் கூச்சல். போச்சு, வேலை போச்சு என்று படியிறங்கி ஓடினான். விசிறி எட்டுதான், விளக்கும் கூடவில்லை. வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

முகப்பில் நூறு பல்பும் எரிந்தன. அவற்றின் கீழே, தானே திறந்து போட்ட சுவிட்சுப் பெட்டியின் பக்கத்தில், இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார் அமிர்தவல்லி. "பாத்தியாப்பா! ஊரே இருட்டு, நம்ம கொட்டகை மட்டுந்தான் வெளிச்சம்!"

அவன் பாய்ந்துபோய் முகப்பு சுவிட்சை இழுத்து அணைத்தான். உள்ளே பாட்டு தன் குரலுக்குத் திரும்பியது. கூச்சலும் அடங்கியது.

"படம் படுத்துருச்சும்மா. நான் சொன்ன சொல்லு..." என்று ஆரம்பித்தான் அழகுமலை.

"எங்கிட்டுப் போற? விசிறியெல்லாம் எண்ணுனியே, என்னைய எண்ணுனியா?"

"இல்லங்கம்மா."

"ஒன் கணக்குல அது ஒண்ணுதான் கொறை." இடுப்பிலிருந்து முகப்பு சுவிட்சுப் பெட்டிச் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தார். "பூட்டி நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."