பொடிக்கல் தோடு

சித்தி சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, இறந்து கிடந்த அம்மாவின் காதுத் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. உயிரோடு இருந்தவரை அம்மாவும் அப்படித்தான்.

"விடுங்க சித்தி. கழட்ட வேணாம்," என்றாள் தையல்காரி. தெருமுனையில் தையல் கடை வைத்ததால் வந்த பெயர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"வைரம்டி! மண்ணுக்குள்ள போடச் சொல்றியா?"

அந்தச் சத்தத்தில் அண்ணன் அறைக்குள் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கழட்டுங்க சித்தி. அது இவளுக்குத்தான்," என்றான். பிறகு தங்கையிடம் திரும்பினான். "வித்துட்டு இன்னும் ரெண்டு மெஷின் வாங்கிப் போடு. அடுத்த வாரம் நானே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்ல விலை பேசித் தர்றேன்."



அண்ணன் தன் முதல் போனஸில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த தோடு அது. பூ மாதிரி, சுற்றிலும் பொடிப்பொடியாக வைரம். வைரத்துக்கு விலை இறங்கவே இறங்காது என்று கடையில் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்வான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது, அவனுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று அம்மாவும் அவளும் தோட்டை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

"பொடிக்கல்லை நாங்க திரும்ப எடுக்கறதில்லம்மா. கல்லைப் பிடுங்கிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்துக் காசு தருவோம்," என்றார். தங்கமோ பேருக்குத்தான் இருந்தது. அவர் சொன்ன தொகை கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கத்தான் காணும்.

அம்மா அந்த வாசலிலேயே தோட்டை மாட்டிக்கொண்டாள். "இது உங்கண்ணனுக்குத் தெரியவே கூடாது. நொந்துபோயிடுவான்," என்றாள். வளையலை விற்றுக் கண்ணைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட அம்மா தோட்டைக் கழற்றியதில்லை.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பேச்சே முடிந்துவிடும். செத்தாலும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் தையல்காரி.

"எனக்கு வேணாம்ணே. அம்மாவோடயே போகட்டும்."

"லூசா நீ? கடை வாடகைக்கே திண்டாடுற."

"திண்டாடிக்கிறேன்."

அதற்குள் திருகாணி சித்திக்கு இளகிக் கொடுத்துவிட்டது. கழன்ற ஒற்றைத் தோட்டை அண்ணன் வாங்கித் தங்கையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"எனக்கே எனக்கா?"

"உனக்கேதான்."

"அப்ப நான் என்ன வேணா பண்ணலாமில்ல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டிலருகே மண்டியிட்டாள். அம்மாவின் காது சில்லிட்டிருந்தது. எவ்வளவு சின்ன ஊசியிலும் நூல் கோப்பவள், அந்தத் துளையைத் தேடித் தடுமாறினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே திருகாணியை இறுக்கினாள்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "நான் வாங்கிக் குடுத்தது உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

இதற்கு அவன் ஓர் அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

"அம்மாவுக்கு இது உசிருண்ணே. இத்தனை நாளா குளிக்கும்போதுகூடக் கழட்டல. இப்ப எப்படிக் கழட்டுறது?"

அதிலே பொய் ஒன்றும் இல்லை. அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்து, "அய்யோ, தோட்டைக் கழட்டலையா?" என்றாள். சித்தி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தான்.

"வேணாம்னு நாங்கதான் சொல்லிட்டோம். அசல் வைரம். இன்னிக்கு வித்தா என்ன விலை போகும்னு தெரியுமா? போனா போகுது. எங்கம்மாவைவிட அது பெருசா?"

அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அடுத்து வந்தவரிடமும் அவன் அதையே சொன்னான். சொல்லச் சொல்லக் குனிந்திருந்த அவன் தலை நிமிர்ந்தது. அப்புறம் தங்கை பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லு. நல்ல விலை போகுமில்ல?"

"ஆமாண்ணே, நல்ல விலை போகும்," என்று சொல்லிவிட்டு, காது மறையாதபடி அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள் தையல்காரி.