கரையை வெட்டிய மழை

கீழவேங்கூர் ஏரிக்கரையை 2004-ல் அய்யாக்கண்ணு வெட்டினார். ஏரியின் தண்ணீர் ஏறும் பக்கமான உள்வாயில் இருந்த அவருடைய கடலைக்காடு மூழ்கியதுதான் காரணம். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. முதல் குற்றம் என்பதால் இரண்டு வருட நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. மாதம் ஒரு திங்கட்கிழமை பெரம்பலூர் போய் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் ஆறு மாதம் ஜெயில்.

அடுத்த நவம்பரில் ஏரி மறுபடி நிரம்பியது. உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கின் பலகை திறக்கவில்லை. அதைப் பழுதுபார்க்கும் கோப்பு மூன்று வருடமாக நகர்ந்துகொண்டிருந்தது. கரை உடைந்தால் கீழத்தெருவின் எண்பது வீடுகளும் போய்விடும்.

மதியம் கிராம நிர்வாக அலுவலர் சாமிதுரை, அய்யாக்கண்ணு வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எந்த எடத்துல வெட்டுனா தண்ணி ஓடைக்குப் போவும்னு ஒனக்குத்தான்பா தெரியும்."

"தெரிஞ்சதுக்குத்தானங்க போன வருசம் கேஸு."

"இப்ப ஊரக் காப்பாத்தணும்."

"அப்ப எழுதிக் குடுங்க."

"எழுதுற அதிகாரம் எனக்கு இல்ல. தாசில்தாருக்குத்தான். அவருக்கு லைன் கெடைக்கல."

உள்ளேயிருந்து அய்யாக்கண்ணுவின் மனைவி செல்வம்மாள் சொன்னாள். "காயிதம் இல்லாம கரையில ஏறுனீங்க, நானே போயி புடிச்சிக் குடுப்பேன்."

வேறு யாரும் மண்வெட்டியைத் தொடத் தயாராக இல்லை. அய்யாக்கண்ணு மாதாமாதம் பஸ் ஏறுவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு எஸ்.ஐ. திருமுருகன் ஜீப்பில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"போன வருஷம் வெட்டுன எடத்த நீ எங்களுக்கு அடையாளம் காட்டவே இல்லியேய்யா?"

"கேஸே முடிஞ்சிடுச்சுங்க சார்."

"முடிஞ்சா என்ன, ஃபைல்ல அந்தப் பக்கம் காலியா கெடக்கு. வா, காட்டு. நீயா போனாத்தான் குத்தம். நாங்க கூட்டிட்டுப் போனா விசாரணை."

செல்வம்மாள் யோசித்தாள். "திருப்பிக் கொண்டாந்து வுட்டுருவீங்களா?"

"ஜீப்லயே வுடுறோம்மா."

ஸ்டேஷனில் கிடந்த அவருடைய பழைய மண்வெட்டியையே கொண்டுவந்திருந்தார்கள். காம்பில் வழக்கு எண் எழுதிய அட்டை தொங்கியது. கரையில் அய்யாக்கண்ணு இரண்டு இடங்களில் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது இடத்தில் நின்றார்.

"எப்படி வெட்டுனேனு செஞ்சி காட்டு," என்றார் எஸ்.ஐ.

"சும்மா காட்டவா, நெசமா காட்டவா சார்?"

"போலீசுக்கே பொய்யா காட்டுவியா?"

அய்யாக்கண்ணு நிஜமாகவே காட்டினார். அட்டை நனையாமல் இருக்க, கூடவே வந்திருந்த சாமிதுரை அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஓடையில் இறங்கியது. கீழத்தெருவில் ஒரு வாசல்கூட நனையவில்லை.

சேத அறிக்கையில் சாமிதுரை, 'கனமழையால் இருபது அடி உடைப்பு' என்று எழுதினார். மழை உடைத்தால்தான் பழுதுபார்க்கப் பணம் வரும்.

"அவரு ஆறடிதானங்க வெட்டுனாரு," என்றாள் செல்வம்மாள்.

"மழை வெட்டுனா இருபதுதாம்மா."

பிறகு வெள்ள நிவாரணம் வந்தது. தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு மட்டும்தான் என்றார்கள். பக்கத்து ஊரில் வாங்கினார்கள். கீழத்தெருவில் யாருக்கும் இல்லை. கீழத்தெரு ராசாத்தி அய்யாக்கண்ணு வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"ஒங்கள யாருண்ணே வெட்டச் சொன்னா? முழங்கால் அளவு வந்திருந்தாக்கூட எங்க பேரு லிஸ்ட்ல வந்திருக்கும்."

"வூடே போயிருக்கும் ராசாத்தி."

"ரெண்டு சொவரு போயிருக்கும். அரசாங்கம் குடுத்திருக்கும்."

கோபம் ஆறாமல், கரையை வெட்டியது அய்யாக்கண்ணுதான் என்று அவள் பெரம்பலூருக்கு மனு எழுதிப் போட்டாள். அது நிரூபணமானால் அவருக்கு ஆறு மாதம் நிச்சயம். செல்வம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை நன்னடத்தை அலுவலர் புவனேஸ்வரி, அய்யாக்கண்ணு, செல்வம்மாள், ராசாத்தி மூவரையும் எதிரே உட்காரவைத்து அறிக்கைகளைப் படித்தார்.

"கரைய மழை ஒடச்சதா வி.ஏ.ஓ. எழுதியிருக்காரு. அன்னைக்கு ஏரிக்கு யாரையும் கூட்டிட்டுப் போகலைன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்காங்க. மழை மேல மனு எடுக்க முடியாதும்மா."

அய்யாக்கண்ணுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நாந்தாங்கம்மா வெட்டுனேன். எடம் பாத்து, நெதானமா."

செல்வம்மாள் அவர் தொடையைக் கிள்ளினாள்.

"ரெண்டு அதிகாரிங்க கையெழுத்துப் போட்டுருக்காங்க," என்றார் புவனேஸ்வரி. "அவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

அய்யாக்கண்ணு செல்வம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கம்மா."

புவனேஸ்வரி பதிவேட்டில், 'நடத்தை திருப்தி. ஏரிப் பக்கமே போவதில்லை' என்று எழுதித் திருப்பி வைத்தார். அய்யாக்கண்ணு கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட்டில்தான் இடம் கிடைத்தது. பஸ் செந்துறையைத் தாண்டியது.

"அடுத்த மழைக்கு வெட்டாதீங்கண்ணே," என்றாள் ராசாத்தி.

"அத எஸ்.ஐ.கிட்ட சொல்லு," என்றாள் செல்வம்மாள். "வந்து கூட்டிட்டுப் போறவரு அவருதான்."