மூடுபனி சொன்னது

பல் டாக்டரின் கிளினிக் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மூடியிருக்கும். அங்கே டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தவள், எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு தொடரிடம் மனதைப் பறிகொடுத்தாள். வேறு சரக்கு இல்லாததால் சேனல்காரர்கள் அதைத் தூசி தட்டி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதையில் ஒரு குமாஸ்தா, ஒரு ஜன்னல், வெளியே கையில் மனுவோடு வரிசையில் நிற்கும் மேகங்கள். ஒரு மேகத்துக்கு உயரமென்றால் பயம். இன்னொன்று தன் நிழலைத் தொலைத்திருந்தது. பதினெட்டாவது வாரம் மூடுபனி வந்து குமாஸ்தாவின் காதில் ஏதோ சொன்னது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தோடு சரி. பார்க்க ஆளில்லை என்று கடையைக் கட்டிவிட்டார்கள்.

மூடுபனி என்னதான் சொல்லியிருக்கும்? நோயாளிகளின் பெயரை மாற்றிக் கூப்பிடும் அளவுக்கு அது அவளை அரித்தது. தன் போன் நம்பரையும் எழுதி சேனலுக்கு நாலு கடிதம் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடரை எழுதியவரே போன் செய்தார். அவளுடைய போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் பேசுவது கேட்கும்.

"ரெண்டு வருஷத்துல இதைக் கேட்ட மொத ஆள் நீங்கதாம்மா." அவர் குரல் குழைந்தது. "அப்புறம் எனக்கு எழுத்து வேலை யாரும் தரல. மச்சான் கடையில பெயின்ட் கலக்குறேன். சரி, சொல்றேன். மூடுபனி வந்து..."

"சார், அந்தப் பெட்டி நம்ம வீட்லயும் மூணு வருஷம் இருந்துச்சு சார்!" சட்டைக்குப் பட்டன் போட்டபடி வந்த கணவன் குறுக்கே புகுந்தான். "டிவில யார் எதைப் பாக்குறாங்கன்னு கணக்கெடுக்குமே, அது. ஊருக்கே பத்து வீட்லதான் வச்சாங்க. இப்பதான் எடுத்துட்டுப் போனாங்க."

எழுத்தாளர் கேட்டார்:

"என் தொடர் ஓடுன வியாழக்கிழமை ஏழரைக்கு என்ன பாப்பீங்க?"

அவள் கணவனை முறைத்தாள். அவனுக்கு எங்கே உறைக்கிறது?

"வேற சேனல்ல பாட்டுப் போட்டி சார். இவ எங்க பாத்தா? போட்டுவிட்டுட்டு உள்ள போய்ப் பாத்திரம் தேய்ப்பா. வீட்ல சத்தம் வேணும் இவளுக்கு."

"அப்ப இப்படி ஒரு தொடர் வருதுன்னே எனக்குத் தெரியாது சார்..." என்றாள் அவள்.

"ஒரே ஒரு வீடு குறையுதுன்னுதாம்மா நிறுத்துனாங்க," என்றார் அவர். "கேட்டுக்கங்க. மேகம் எல்லாம் செத்துப்போச்சு, ஒரு மனுவையும் யாரும் படிக்கல. மூடுபனி சொன்னது இதான்."

"பொய் சொல்றீங்க."

"பொய்தான். நிஜத்தை வேற யாராச்சும் கேக்கட்டும், சொல்றேன்."

மறுநாள் அவள் கிளினிக் நர்ஸின் காலில் விழாத குறை. "நீ பேசுடி. நீ கேட்டா சொல்லுவாரு."

நர்ஸ் போனை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கால் மணி நேரம் கழித்து வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடி சொன்னாரு?"

"அய்யோ, எவ்வளவு அழகு தெரியுமாக்கா! ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னாரு."

"நான்தானடி உன்னக் கேக்கச் சொன்னேன்!"

"அதையும் சொன்னேங்க்கா. சிரிச்சாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் அடுத்த ஆளை அனுப்பச் சொன்னாள்.