கழியை நோக்கிப் போன வீடு

மணவாளனின் வீடு நகரத் தொடங்கியது தை மாதம் பதினொன்றாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கிழக்கே, தண்ணீர்ப் பக்கமாக ஒன்றேகால் அடி போனது. பிச்சாவரம் போகிற சாலையில் பேருந்து திரும்புகிற இடத்துக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கு அறுபது அடி தள்ளி இருந்த இரண்டு அறை வீடு அது. கொத்தனாரான மணவாளன் தன் கையாலேயே கட்டியது. சுவரில் விரிசல் விழவில்லை, அடுப்பில் இருந்த குழம்பு தளும்பவில்லை. மேற்குப் பக்கம் ஒன்றேகால் அடி அகலத்துக்கு வெயில் படாத மண் தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி வந்து பார்த்து, "மச்சான், உன் ஊடு என் வேலிய மிதிக்குது" என்று சொல்லிவிட்டு வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்டுக்கொண்டார். மாசி பிறப்பதற்குள் மின்சாரக்காரர் இரண்டு தடவை வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார். தண்ணீருக்கு நாற்பத்தோரு அடி பாக்கி இருந்தது.

அந்த வீட்டில் மணவாளனும் அவர் மனைவி தைலம்மாளும், பத்தொன்பது வயது மகள் கனிமொழியும் இருந்தார்கள். கனிமொழி சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போனவள். முதல் வருடத்தில் ஐந்து தாள் போய்விட்டதை வீட்டில் சொல்லப் பயந்து, தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி ரயில் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள். நான்கு மாதம் அப்படி ஓடியது. விஷயம் தெரிந்த அன்று மணவாளன் தெருவே கேட்க, இனிமேல் இந்த வாசப்படியைத் தாண்டினால் நீ என் பெண்ணே இல்லை என்றார். அவள் தாண்டவில்லை. அது போன ஆடி மாதம், வீடு நகரத் தொடங்குவதற்கு முன்பு. துணி காயப்போடக்கூட அவள் வெளியே வரவில்லை. கோபத்தில் சொன்னது, வெளியே வா என்று மணவாளன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. கட்டின சுவரை இடித்துக் கட்டச் சொன்னால் கரணையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் அவர்.

சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் இருந்த குடும்ப ஆலோசனை மையத்துக்குத் தைலம்மாள்தான் போனாள். மகள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பேசுவதில்லை என்றாள். வீடு நகருகிறது என்பதையும் சொன்னாள். அங்கே ஆலோசகராக இருந்த மாலதி நான்கையும் ஒரே பேனாவால் எழுதிக்கொண்டாள். மாலதி கடலூரிலிருந்து தினமும் வருகிறவள், நாற்பது வயதுக்காரி, பத்து நிமிடம் சேர்ந்தாற்போல ஒரு நாற்காலியில் உட்கார முடியாதவள். முன்பெல்லாம் அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கம்மாபுரத்திலிருந்து ராஜ்கமல் என்று ஓர் இளைஞன் அவளிடம் ஐந்து புதன்கிழமை வந்தான். சாப்பாடு, தூக்கம், சிநேகிதர்கள், வேலை எல்லாம் கேட்டாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பயந்தாள். ஆறாவது புதன்கிழமை அவன் வரவில்லை, அவனுடைய அக்கா வந்தாள். அன்றிலிருந்து மாலதியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வந்தாள்.

புதன்கிழமைதோறும் அவள் மணவாளன் வீட்டுக்குப் போனாள். முதல் மூன்று வாரம் கனிமொழி வாயைத் திறக்கவில்லை. மாலதி அறைக்குள் நடப்பாள், நிற்பாள், ஜன்னலருகே போவாள், திரும்புவாள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது மணவாளன் டேப்பைப் பிடித்துத் தண்ணீர்வரை அளந்து சொல்வார். வீட்டுக்குள் வந்து பேசச் சொன்னால் மட்டும் வேலை இருக்கிறது என்பார். இருபத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு என்று குறைந்தது. நான்காவது புதன்கிழமை பன்னிரண்டு அடி. ஜன்னலில் சுரபுன்னை மரங்களும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மாலதி கனிமொழிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கனி, செத்துப் போயிடணும்னு தோணுதா?"

அடுப்படியில் தைலம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தோணுது மேடம்," என்றாள் கனிமொழி. "எப்பவும் இல்ல. காலைல ஜாஸ்தி."

"எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

"நான் எங்க யோசிக்கறது. நான் எங்கியும் போவ வேணாம் மேடம். ஊடே கூட்டிட்டுப் போவுது."

தன் கால் ஆடாமல் இருப்பதை மாலதி அப்போதுதான் கவனித்தாள். அன்று சாயங்காலம்வரை அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் போனில் பேசினாள். அவர் மறுநாளே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். தைலம்மாள் மகளைத் தனியே விடுவதில்லை என்று முடிவாயிற்று. ஏழு மாதமாக வாயில் அடைத்திருந்ததையெல்லாம் கனிமொழி துண்டு துண்டாகச் சொன்னாள், ரயில் நிலையத்தில் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணியதுவரை.

மணவாளன் சுவருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உளியும் சுத்தியலும் எடுத்து வந்து வாசலில் குந்தி உட்கார்ந்து, தான் வைத்த படிக்கல்லை உடைக்க ஆரம்பித்தார். நல்ல கருங்கல், ஒன்றரை மணி நேரம் ஆனது. சில்லுகளைக் கூடையில் அள்ளிவிட்டு, தரையோடு மட்டமாக மண் போட்டு மிதித்தார். உள்ளே பார்க்காமல் சொன்னார்:

"கனி, படிய எடுத்துட்டேன். தப்பு என்னுது."

அவள் வரவில்லை. மருத்துவர் வந்தார், மாத்திரை கொடுத்தார். மாலதி தினமும் வந்தாள். வீடு இன்னும் எட்டடி போனது. அலைகிற தண்ணீர் சமையலறைச் சுவரைத் தொட நான்கடிதான் இருந்தது. கோவிந்தசாமி பாத்திரம் பண்டங்களையாவது தன் வீட்டில் வைக்கும்படி சொல்லிப் பார்த்தார். மணவாளன் வேலைக்குப் போகாமல் வீட்டின் கிழக்குச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால் வீடு நிற்குமா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள், புதன்கிழமை காலை கனிமொழி தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். புதன்கிழமைகளில் மையத்தில் இளைஞர்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்களாமே, அங்கே பேசித்தான் ஆக வேண்டுமா என்று மாலதியைக் கேட்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று மாலதி சொல்லியிருந்தாள். மணவாளன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, பேருந்து ஏறும் இடம்வரை அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்து போனார். பேருந்து கிளம்பிய பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றார். அன்று வீடு நகரவில்லை.

இது பங்குனியில் நடந்தது. கனிமொழிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சில வாரம் வருகிறாள், சில வாரம் வருவதில்லை. இரண்டு தாள் எழுதி ஒன்றில் தேறினாள். வராத நாட்களில் மாலதி நாற்காலியை விட்டு எழுந்து, வராந்தாவில் நடந்துகொண்டே போன் போடுவாள். போன புதன்கிழமையும் அப்படிப் போட்டாள். தைலம்மாள்தான் எடுத்தாள். பெண் தூங்குகிறாள், சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள் என்றாள். வீடு எப்படி இருக்கிறது என்று மாலதி கேட்டாள்.

"காலைல ரெண்டு விரல் நவுந்துச்சி மேடம்," என்றாள் தைலம்மாள். "பயப்படாதீங்க. மேக்கால."

மாலதி அதை அப்படியே கோப்பில் எழுதிவிட்டு, அடுத்துக் காத்திருந்தவர்களை உள்ளே கூப்பிட்டாள்.