மஞ்சள் சுடர்

விமலா வாங்கியபோது அந்தக் கேரவனின் கூரையில் புல் முளைத்திருந்தது. புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பெரிய துரை பங்களாவை இடிக்க வந்தவர்கள், பின்புறக் கொட்டகையில் அதைக் கண்டெடுத்தார்கள். எழுபதுகளில் அங்கே வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்ததாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. இரண்டு சக்கரத்தின் மேல் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. பழைய இரும்புக்குப் போக இருந்ததை விமலா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ராவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தவள் அவள். கம்பெனி வியட்நாமுக்கு மாறியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது தங்கை மாதவி சின்னப்பிள்ளை. அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து, பெர்த்துக்கு விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு, யாருக்காக உலை வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

"டிசம்பர் லீவுக்கு நாங்க நாலு பேரும் வர்றோம்க்கா," என்று மாதவி போனில் சொன்ன வாரத்தில்தான் இந்தக் கேரவன் கண்ணில் பட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செக்கிஞ்சான் கடற்கரை, சபாக் என்று போய்வரலாம் என்று விமலா கணக்குப் போட்டாள்.

தோட்டத்தை ஒட்டி லோரிப் பட்டறை வைத்திருந்த புவனேசன் பின்னால் இடம் கொடுத்தார். விமலாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதிகம் பேசாதவர். "நிறுத்திக்கம்மா. மழைக்குத் தண்ணி நிக்கும், கல்லு போட்டுக்க," என்றதோடு சரி. அவளும் தினம் ராவாங்கிலிருந்து தன் பழைய கன்சில் காரில் வந்து போனாள்.

மின்சாரம் அவளுக்குச் சுலபமாக வந்தது. எலி கடித்த ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தாள். கேரவனில் இரண்டு மின்சாரம் ஓடுவதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள்: பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒன்று, எங்காவது நிறுத்தும்போது அங்குள்ள வீட்டு லைனிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்று. பிரேக்கைப் புவனேசன் கழற்றிக் காட்டினார். முன்னால் போகிற வண்டி வேகத்தைக் குறைத்தால், கேரவன் தன் பாரத்தாலேயே முன்னே முட்டி, அந்த அழுத்தத்திலேயே தன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அதைக் கேட்ட அன்று அவள் வெகுநேரம் குனிந்து அந்தப் பிரேக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்பெட்டிதான் அவளை அலைக்கழித்தது. அதற்கு மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. கேஸ் நெருப்பில் சூடாக்கினால் உள்ளே குளிரும். தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை. அவளும் நாள்கணக்கில் கொளுத்திப் பார்த்தாள், குளிரவில்லை. கேரவன் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான் காரணம் என்று கடைசியில் பிடிபட்டது. உள்ளே குழாய்களில் ஓடுகிற திரவம் தன்போக்கில் இறங்கி வரவேண்டும். சாய்ந்தால் நடுவழியில் நின்றுவிடும். பலகை வைத்து மட்டம் பார்த்து நிறுத்திய மறுநாள், தட்டில் வைத்த தண்ணீர் கட்டியாகி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அன்று பட்டறை பூட்டியிருந்தது. கட்டி கையிலேயே உருகியது.

தரைக்குப் புது லினோலியம் ஒட்டினாள். தரையோரத்திலும் கதவடியிலும் இருந்த ஓட்டைகள் வழியே ஒருநாள் பூரான் வந்தது. எல்லாவற்றையும் சிலிக்கான் பசையால் அடைத்தாள். குளிர்பெட்டிக்குக் கீழே சின்னக் கண்ணாடி வழியாகத் தெரிந்த சுடர் மஞ்சளாக, சாமி விளக்குப் போல அழகாக இருந்தது.

நவம்பர் கடைசியில் மாதவி கூப்பிட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. இவருக்கு லீவு கம்மி. பிள்ளைங்க பாலிக்குப் போகணும்னு அடம் பிடிக்குதுங்க. அங்க போயிட்டு நேரா திரும்பிடுவோம். அடுத்த வருஷம் கண்டிப்பா லா."

"சரி. பத்திரமா போயிட்டு வாங்க," என்றாள் விமலா. கேரவனைப் பற்றி அவள் தங்கையிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தாள்.

அதன் பிறகும் விமலா கேரவனுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். செய்ய வேலை ஒன்றும் மிச்சமில்லை. குளிர்பெட்டியைக் கொளுத்திவிட்டு, படுக்கையில் சாய்ந்தபடி மழையைப் பார்ப்பாள், தூங்கிவிடுவாள். எழுந்தால் தலை இரும்பாகக் கனக்கும். நெஞ்சு படபடக்கும். மனக்கஷ்டம் இப்படித்தான் உடம்பில் இறங்கும்போல என்று எண்ணிக்கொண்டாள். கிளினிக்கில் ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெருமழை பிடித்தது. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் படுத்தாள். விழித்தபோது கைகால் தன்னுடையதாக இல்லை. எழுந்திருக்கவே தோன்றவில்லை. அப்படியே கிடந்துவிடலாம், யாருக்கு என்ன என்ற நினைப்பு இதமாகக்கூட இருந்தது. அப்போது வயிறு புரட்டியது. புதுத் தரையில் வாந்தி எடுக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளினாள். படியிலிருந்து உருண்டு சேற்றில் விழுந்தாள்.

மழை முகத்தில் அடிக்க அடிக்கத் தலை மெல்லத் தெளிந்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஈரக் கையால் பெயர்களை மேலும் கீழும் தள்ளினாள். கூட வேலை செய்த ரோகாயா கிளந்தானுக்குத் திரும்பிவிட்டாள். கேஸ் கொண்டுவருகிற சீனன். கிளினிக். மாதவியின் பெயரில் விரல் நின்றது. கடல் தாண்டி இருக்கிறவள் என்ன செய்வாள், பதறத்தான் செய்வாள். புவனேசனை அழைத்தாள்.

மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டு வந்த அவர், அவளை அவளுடைய காரிலேயே ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "நீங்க யாரு, புருஷனா?" என்று தாதி கேட்டாள்.

"பக்கத்துப் பட்டறை," என்றார் புவனேசன்.

நெருப்புப் புகையில் இருக்கிற நச்சுக் காற்று ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அதற்கு வாசனை கிடையாதாம், நிறம் கிடையாதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இருவரும் குளிர்பெட்டியைப் பிரித்தார்கள். புகை வெளியே போகும் குழாயை மண்குளவி கூடு கட்டி அடைத்திருந்தது. புவனேசன் கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்தார். பிறகு டார்ச்சைத் தரையோரம் அடித்துப் பார்த்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சா?"

"நான்தாண்ணே. பூரான் வந்துச்சு."

கத்தியை எடுத்து அவரே குந்தி உட்கார்ந்து பசையைச் சுரண்ட ஆரம்பித்தார். காற்று வந்துபோகத்தான் கேரவனைச் செய்தவர்கள் அந்த ஓட்டைகளை விட்டிருந்தார்கள். பூரானைத் தடுக்க மேலே கம்பிவலை அடித்தால் போதும். நெருப்புக்குக் காற்று பற்றாதபோதுதான் சுடர் மஞ்சளாகும் என்பதும் அன்றைக்குத்தான் விமலாவுக்குப் புரிந்தது. சுத்தம் செய்து ஏற்றியபோது சுடர் நீலமாக, சின்னதாக, பார்க்க ஒன்றுமில்லாததாக எரிந்தது.

தலைவலி அந்த வாரமே நின்றது. தூங்கி எழுந்தால் உடம்பு லேசாக இருந்தது. ஆனால் எழுந்ததும் சுற்றிப் பார்க்கிறபோது வருகிற அந்த வெறுமை அப்படியே இருந்தது. அது கேஸால் வந்ததில்லை என்று தெரிந்துகொண்டாள்.

பாலியிலிருந்து ஊர் திரும்பிய பிறகு மாதவி அழைத்தாள். விமலா நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

"ஏன்க்கா எங்கிட்ட உடனே சொல்லல?" மாதவி அழுதுகொண்டே கேட்டாள்.

"சொன்னா நீ அங்கேருந்து என்ன பண்ணுவ?"

"இனிமே அதுல தனியா படுக்காதக்கா."

"வேற எங்க படுத்தாலும் தனியாத்தான் படுக்கணும் மாதவி."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எதையோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது.

"சரி, வைக்கிறேன். பிள்ளையைப் பாரு," என்றாள் விமலா. கோபமாகச் சொல்லவில்லை.

தைப்பூசம் கழிந்து புவனேசன் தன் சின்ன லோரியில் கேரவனை மாட்டி செக்கிஞ்சான் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். மட்டம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, "போன் அடிம்மா, வந்து எடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். லோரி வளைவில் மறையும்வரை விமலா நின்றாள்.

பக்கத்தில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரெங் பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள் கேரவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொராங் சாஜா?" ஒரே ஆள்தானா என்று கேட்டாள்.

இத்தனை காலம் யார் கேட்டாலும், தங்கை பெர்த்தில் இருக்கிறாள், லீவுக்கு வருவாள் என்று விமலா சேர்த்துச் சொல்வது வழக்கம். இப்போது அது வாய்வரை வந்து நின்றது.

"யா, சொராங்," என்றாள்.

அம்மாள் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். விமலா அதை வாங்கிக்கொண்டு கேரவன் படியில் உட்கார்ந்தாள். கடல் வற்றி, தூரம்வரை சேறாகக் கிடந்தது. பழம் நாக்கைச் சுட்டது. ஊதி ஊதித் தின்றாள்.